பசியா, உப்பா? கருகிய கத்தரி இலை சொன்ன சேதி

‘மாடியில் வைத்த கத்தரிச் செடியில் இலை ஓரம் கருகுகிறது. பஞ்சகவ்யா, மீன் அமிலம் எல்லாம் கொடுத்துவிட்டோம். அடுத்து என்ன தெளிக்கலாம்?’

இலையில் கோளாறு கண்டவர்களின் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஏன் கருகுகிறது என்று பார்ப்பதற்கு முன்பே கை தெளிப்பானைத் தேடிப் போய்விடும். திருச்சி மாநகரின் தென்பகுதியில், பஞ்சப்பூர் போகும் வழியில் இருக்கும் எடமலைப்பட்டி புதூரில், ஒரு வீட்டு மாடியிலும் இதுதான் நடந்தது. அங்கே கருகியது சமையலுக்கு வைத்த நாலு செடி மட்டுமாக இருந்திருந்தால் பெரிய விஷயமில்லை. ஒரு குடும்பத்தின் விதையே அந்தப் பைகளில்தான் இருந்தது.

அந்த வீட்டுப் பெரியவருக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. மணிகண்டம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கத்தரியும் போட்டவர். மகள் கல்யாணத்துக்குப் பாதி நிலம் போனது. சுற்றிலும் மனைக்கல் நட்டபிறகு மீதியையும் கொடுத்துவிட்டு, மனைவியோடு மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். வரும்போது அந்தம்மா புடவைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பாட்டிலை வைத்துக் கொண்டுவந்தார். அதில் இருந்தது வரிக்கத்தரி விதை. கல்யாணமாகி வந்தபோது அவருடைய தாயார் முடிந்து கொடுத்தது. ஊரில் எல்லாரும் வீரிய ரகத்துக்கு மாறியபிறகும், வரப்போரத்தில் வருடத்துக்கு நாலு செடியாவது வைத்து விதை எடுத்துவந்தார்.

நகரத்துக்கு வந்தபிறகு மூன்று வருடம் பாட்டில் அலமாரியிலேயே கிடந்தது. தை மாதம் ஒருநாள் ஞாபகம் வந்து எடுத்து, இருந்த விதை முழுவதையும் குழித்தட்டில் போட்டார்கள். கத்தரி விதை வருடத்துக்கு வருடம் முளைப்பு குறையும். அறுபதுக்கு மேல் போட்டதில் ஒன்பதுதான் முளைத்தன. பாட்டிலில் இனி ஒன்றும் இல்லை.

ஊட்டம் ஏறியது, இலை கருகியது

மருமகள் கடையில் வளர்ப்புப் பையும் தென்னை நார்க்கழிவுக் கட்டியும் வாங்கிவந்தார். கட்டியை ஊறவைத்து, மண்புழு உரம் கலந்து, மாசியில் நாற்றைப் பையில் நட்டார்கள். பங்குனி முழுக்கச் செடிகள் செழிப்பாக இருந்தன. பெரியவர் ஊரிலிருந்து பழைய பழக்கத்தை மறக்கவில்லை. கேனில் பஞ்சகவ்யா, மூலையில் மீன் அமிலம், தெரிந்தவர் வீட்டு மாட்டுக் கோமியம் என்று மாடியே ஒரு பண்ணை மாதிரி ஆகிவிட்டது. நாலு நாளைக்கு ஒருமுறை பைக்கு ஒரு டம்ளர் பஞ்சகவ்யா வேரில் ஊற்றினார்.

சித்திரை பாதியில் அடி இலைகளின் நுனி பழுப்பானது. பிறகு ஓரம் முழுக்கக் காய்ந்து, தீயில் வாட்டிய அப்பளம் மாதிரி சுருண்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “பொட்டாஷ் பத்தலீங்க” என்றார். பைக்கு ஒரு கை சாம்பல் போட்டார்கள். கடையில் கேட்டபோது பூஞ்சையாக இருக்கலாம் என்றார்கள். சூடோமோனாஸ் வாங்கி ஊற்றினார்கள். உறவினர் ஒருவர் அலைபேசியில் படத்தைப் பார்த்து, “இது பேன்தான்” என்றார். காலை பதினொரு மணி வெயிலில் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தார்கள். அதில் நல்ல இலையிலும் புள்ளி விழுந்தது. பிறகு கொழுந்தும் வெளுத்தது. பயந்துபோய் மீன் அமிலத்தை இரண்டு மடங்காக்கினார்கள்.

வைகாசி பிறக்கும்போது மூன்று செடிகள் போய்விட்டன. மீதி ஆறு. அந்தம்மா யாரையும் குறை சொல்லவில்லை. காலையில் மாடிக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். “இருந்த விதையெல்லாம் ஒரே நேரத்துல போட்டிருக்கக் கூடாதுங்க” என்று ஒருநாள் பெரியவரிடம் சொன்னார். அவர் பதில் பேசவில்லை.

ஒரே மாதிரி கருகல், மூன்று காரணம்

கத்தரியில் இலை ஓரம் கருகுவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே தெரியும்.

முதலாவது தத்துப்பூச்சி. இலை ஓரம் முதலில் மஞ்சளாகி, கிண்ணம் போல மேல்நோக்கி வளைந்து, பிறகு பழுப்பாகும். இலையைத் திருப்பினால் வெளிர்பச்சை நிறத்தில், ஆப்பு வடிவில் சின்னப் பூச்சிகள் பக்கவாட்டில் நண்டு போல ஓடும். அவை கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். அந்த மாடியில் இலையைத் திருப்பிப் பார்த்தபோது பூச்சியும் இல்லை, செம்பேனின் நூலாம்படையும் இல்லை.

இரண்டாவது சாம்பல்சத்துக் குறை. தழை, மணி, சாம்பல், மெக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழவன் இலையிலிருந்து எடுத்துக் குழந்தை இலைக்குக் கொடுக்கும். அதனால் இவற்றின் குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். இரும்பு, சுண்ணாம்பு, போரான் ஆகியவை அப்படி நகராதவை. அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். சாம்பல்சத்துக் குறையில் அடி இலை ஓரம் மெல்ல மஞ்சளாகி, வாரக்கணக்கில் காயும். ஆனால், கோமியம், சாம்பல், தென்னை நார்க்கழிவு மூன்றிலுமே சாம்பல்சத்து உண்டு. இத்தனையும் போட்ட பையில் அதற்குப் பஞ்சம் வருவது அபூர்வம்.

மூன்றாவது உப்பு. வேர் எடுக்கும் தண்ணீரோடு உப்பும் ஏறும். தண்ணீர் இலை வழியாக ஆவியாகிவிடும், உப்பு இலை ஓரத்தில் தங்கிவிடும். அதனால் நுனியும் ஓரமும் முதலில் எரியும். இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஒன்றிரண்டு செடி என்றில்லாமல் எல்லாப் பையிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். வெயில் ஏற ஏற அதிகமாகும். பை ஈரமாக இருக்கும்போதே மதியம் செடி வாடும். மண்ணின் மேற்புறத்திலும் பையின் விளிம்பிலும் வெள்ளை பூக்கும்.

இந்த நாலு அடையாளமும் அந்த மாடியில் இருந்தன. ஆனால், அங்கே உப்பை யாரும் தேடவில்லை. ரசாயன உரத்தைப் பக்கத்திலேயே சேர்க்காத வீட்டில் உப்பு எங்கிருந்து வரும் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும்.

ஆர்.ஓ. மெஷின் பார்க்க வந்தவர்

வைகாசி முதல் வாரத்தில் குடிநீர் ஆர்.ஓ. மெஷினைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை எடுத்து, தண்ணீரில் விட்டுவிட்டு வாசித்தார். குழாயில் வந்த மாநகராட்சித் தண்ணீர் 280. வீட்டு போர் தண்ணீர் 1,350. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் 2,100.

அந்தக் கழிவுத் தண்ணீரைத்தான் மருமகள் மூன்று மாதமாக வாளியில் பிடித்து, மாடிக்குச் சுமந்து, கத்தரிக்கு ஊற்றிவந்தார். ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். ஆர்.ஓ. மெஷின் தண்ணீரிலிருக்கும் உப்பைப் பிரித்து ஒரு பக்கம் தள்ளுகிறது. குடிக்கும் பக்கம் எவ்வளவு சுத்தமோ, கழிவுப் பக்கம் அவ்வளவு கெட்டி. தரை கழுவவும் கழிப்பறைக்கும் அது ஆகும். தொட்டிச் செடிக்கு ஆகாது.

பாசனத் தண்ணீருக்கு அளவு ஏற்கெனவே வகுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ரிவர்சைடில் உள்ள உவர்நில ஆய்வுக்கூடம் 1954-ல் வெளியிட்ட கையேட்டில் அது இருக்கிறது. தண்ணீரின் மின்கடத்தும் திறன் 0.75 வரை இருந்தால் பெரும்பாலான பயிருக்குப் பயமில்லை. அதற்கு மேல் 2.25 வரை கவனமாக இருக்க வேண்டும். அதையும் தாண்டினால் சாதாரணமாகப் பாசனத்துக்கு ஆகாது. டி.டி.எஸ். கணக்கில் சொன்னால் சுமார் 500, சுமார் 1,400. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் உப்பை அதிகம் தாங்காத ரகம்.

மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. “நான்தான் மாமா ஊத்துனேன்” என்றார்.

பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏம்மா, நம்ம ஊர்லயும் கெணத்துத் தண்ணி சப்புன்னு உப்பாத்தான் இருக்கும். அதுலதான் கத்தரி காய்ச்சுது. தண்ணி மட்டும் இப்படிப் பண்ணாது” என்றார்.

அதற்குப் பதில் அந்தம்மாவிடமிருந்து வந்தது. “மாங்காயில உப்பப் போட்டு வச்சா என்னாகும்? மாங்காத் தண்ணிய வெளிய விட்டுட்டு சுருங்கிடும்ல. வேரும் அப்படித்தானே?”

அவர் சொன்னது அப்படியே செடி நூலில் உள்ள விஷயம். வேருக்கு வெளியே உப்பு அதிகமானால், பக்கத்தில் தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. ஈரப் பையில் செடி வாடுவது அதனால்தான். வாடுகிறதே என்று மறுபடி அதே தண்ணீரை ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும்.

பெரியவர் அன்று சாயங்காலம் தானாகவே ஒரு காரியம் செய்தார். மெஷின்காரரிடம் சொல்லி வாங்கிய மீட்டரோடு மாடிக்குப் போனார். ஒரு பையின் அடியில் தாம்பாளத்தை வைத்து, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி, கீழே வடிந்ததைப் பிடித்து அளந்தார். 280-ஆக உள்ளே போனது 3,900-ஆக வெளியே வந்தது. பிறகு பை விளிம்பில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். “நம்ம கீழக்காட்டு வரப்புல பூக்குமே, அதேதான்” என்றார்.

டம்ளர் கணக்கும் ஏக்கர் கணக்கும்

பெரியவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. தண்ணீர் மட்டும் காரணமில்லை. வயலில் பாசனத்தோடு கலந்துவிட, எக்டருக்கு 50 லிட்டர் பஞ்சகவ்யா என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட கத்தரியில், ஒரு செடியின் பங்குக்கு வருவது சுமார் 2 மில்லிதான். அவர் ஊற்றிய டம்ளர் 100 மில்லி பிடிக்கும். ஐம்பது மடங்கு! அதுவும் நாலு நாளைக்கு ஒருமுறை.

வயலில் தவறி அதிகமானாலும் வேர் தள்ளிப் போகும், மழை பெய்தால் கீழே இறங்கிவிடும். பையில் வேருக்குப் போக்கிடம் இல்லை. போட்டதெல்லாம் உள்ளேயே நிற்கும். கோமியத்தில் இயல்பாகவே உப்பு உண்டு. தென்னை நார்க்கழிவை நன்றாக அலசாமல் போட்டால் அதிலும் உப்பு இருக்கும். சாம்பல் போட்டதால் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து கிடைக்காமல் போகும். கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளுத்தது அதனால்தான். இயற்கை இடுபொருள் என்பதால் அளவு பார்க்க வேண்டியதில்லை என்ற நினைப்பில், ஒரு கோளாறுக்குச் செய்த வைத்தியம் அடுத்த கோளாறாக வந்து நின்றது.

உப்பு என்பது திருச்சிக்காரர்களுக்குப் புதிதில்லை. மணிகண்டம் வட்டாரத்தில் களர் நிலம் நிறைய. நாவலூர் குட்டப்பட்டில் 1989-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி களர் நிலத்தையே முக்கிய ஆய்வாக எடுத்துக்கொண்டு, களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்களைக் கொடுத்தது. பெரியவரும் தன் வயலில் ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுதவர்தான். வயலில் வரப்பு வெளுத்தால் உடனே புரிந்துகொண்டவருக்கு, பை விளிம்பு வெளுத்தது கண்ணில் படவில்லை.

கழுவியதும் காத்திருந்ததும்

அடுத்த நாளிலிருந்து எல்லா இடுபொருளையும் நிறுத்தினார்கள். பையின் அடி ஓட்டைகளில் அடைப்பை எடுத்தார்கள். ஒரு பையில் 15 லிட்டர் கலவை இருந்தால், அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 30 லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே காலையில் மூன்று தவணையாக மெல்ல ஊற்றி வடிய விட வேண்டும். ஆறு பைக்கு 180 லிட்டர். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றவா என்று அந்தம்மாவுக்கு மனசு வரவில்லை. மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மில் சேர்த்து ஊற்றினார்கள். வடிந்த தண்ணீர் 3,900-லிருந்து 1,200-க்கு இறங்கியது. பத்து நாள் கழித்துக் கோடை மழை ஒன்று பெய்தது. தார்ப்பாயை விரித்து மழைநீரைப் பிடித்து இன்னொரு முறை கழுவினார்கள். மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டி, பையின் மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பைக்கும் தொட்டிக்கும் உரிய வைத்தியம். வயல் களராக இருந்தால் வெறும் தண்ணீர் கட்டி வடித்தால் மட்டும் சரியாகாது. மண் பரிசோதனை செய்து, அதில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இட்டு, பிறகுதான் வடிக்க வேண்டும்.

கழுவிய மறுநாளே பச்சை திரும்பும் என்று மருமகள் தினமும் கருகிய இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருகின இலை திரும்பப் பச்சையாகாது. தேறுகிறதா என்பதைப் புது இலைதான் காட்டும். மூன்றாவது வாரம் நாலு செடியில் ஓரம் கருகாத இலை விரிந்தது. இரண்டு செடி தேறவில்லை. ஒரு மாதம் கழித்து ஊட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா, 15 நாளைக்கு ஒருமுறை, சாயங்காலத்தில் இலைவழித் தெளிப்பு. வேரில் ஊற்றுவது கிடையாது. கழிவுத் தண்ணீர் இப்போது கழிப்பறைத் தொட்டிக்குப் போகிறது.

கேள்வி அனுப்புகிறவர்களுக்கு

இலைக் கோளாறு பற்றி எழுதும்போது, “என்ன தெளிக்கலாம்” என்பதோடு இந்த விவரங்களும் இருந்தால் சரியான பதில் கிடைக்கும்.

• கோளாறு முதலில் தெரிந்தது அடி இலையிலா, கொழுந்திலா?
• ஓரத்திலா, நரம்புக்கு நடுவிலா, அங்கங்கே புள்ளியாகவா?
• இலையைத் திருப்பினால் பூச்சி, முட்டை, நூலாம்படை உண்டா? மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டின் படமும் வேண்டும்.
• ஒன்றிரண்டு செடியிலா, எல்லாவற்றிலுமா? எத்தனை நாளாக?
• என்ன தண்ணீர்? போரா, குழாயா, கழிவா?
• கடந்த ஒரு மாதத்தில் ஊற்றியது, தெளித்தது எல்லாம், அளவோடும் தேதியோடும்.

நேரில் காட்ட நினைக்கும் திருச்சி மாவட்டத்தார், சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ நாவலூர் குட்டப்பட்டுக் கல்லூரிக்கோ பாதித்த இலையோடு, நல்ல இலை ஒன்றையும், ஒரு பாட்டிலில் பாசனத் தண்ணீரையும் கொண்டுபோவது நல்லது. பதில் தெரியும்வரை புதிதாக எதையும் ஊற்றாமல் இருந்தாலே பாதி சேதம் நிற்கும்.

அந்த நாலு செடியில் ஆடியில் பூ எடுத்தது. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனாலும், தேனீ, வண்டு மூலம் கொஞ்சம் கலப்பும் நடக்கும். பக்கத்து மாடியில் வேறு கத்தரி இருந்ததால், விதைக்கென்று தேர்ந்தெடுத்த பூக்களுக்கு விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டினார்கள். பிஞ்சு பிடித்ததும் துணியை எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு நூல் கட்டினார்கள். ஆறு காய்களைப் பறிக்காமல், நன்றாக மஞ்சளாகிப் பழுக்கும்வரை செடியிலேயே விட்டார்கள். பிசைந்து, தண்ணீரில் அலசி, மிதந்ததைத் தள்ளி, அடியில் தங்கிய விதையை நிழலில் காயவைத்து, சாம்பலில் பிரட்டி எடுத்தார்கள். சாம்பலுக்கு அந்த வீட்டில் அதுதான் இப்போது வேலை.

விதையை அந்தம்மா இந்தமுறை ஒரே பாட்டிலில் வைக்கவில்லை. ஒரு பங்கு மகளுக்கு, ஒரு பங்கு ஊரில் இன்னும் கத்தரி போடுகிற ஓர்ப்படிக்கு, ஒரு பங்கு பக்கத்து மாடிக்கு. நாலாவது பங்கை மருமகள் கையில் கொடுத்தார். பாட்டிலின் மேல் மருமகள் மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டினார்.